விளக்கு வைக்கும் வேளை

ஐப்பசி பிறந்துவிட்டது. தமிழ் நாட்டில் இம்மாதம் குடையும் சேறுமாகக் கழியும். ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் என்று பெயரிட்டு, மழையும் குளிரும் கலந்த பருவமாக நம் முன்னோர் வகுத்தது அந்நிலத்துக்கு முற்றிலும் பொருந்தும். டில்லியில் குடித்தனம் செய்யும் நமக்கோ இதே இரண்டு மாதங்கள் வேறொரு முகத்தைக் காட்டுகின்றன. பருவமழை செப்டம்பர் இறுதியிலேயே இந்நகரத்திடம் விடைபெற்றுக்கொள்கிறது. வானம் துலக்கிய பாத்திரம் போல இருக்கிறது. சாலையோரத்து ஏழிலைப்பாலை மரங்கள் கொத்துக் கொத்தாகப் பூத்து, மாலை மயங்கியதும் சிலருக்குத் தலைவலி வருமளவுக்கு மணக்கின்றன. டிரங்குப் பெட்டியிலிருந்து ரஜாய்கள் வெளிவந்து, நாப்தலின் நெடியுடன் மொட்டை மாடிக் கொடிகளில் வெயில் காய்கின்றன. மின்விசிறியை நிறுத்துவதா, ஓட விடுவதா என்று நள்ளிரவில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் வழக்கு நடக்கிறது. வருஷம் முழுவதும் வெயிலையும் குளிரையும் மாறி மாறி வைதுகொண்டிருக்கும் நம்மவர்கள், எவ்வித முறையீடும் இன்றி இருப்பது இந்த ஆறேழு வாரங்களில் மட்டுமே.

இத்தனை சுகமான பருவத்தில், மாலை ஐந்தரை மணிக்கு மேல் நம் வீட்டுப் பெண்மணிகள் பால்கனியை விட்டு நகராமல் நிற்பது ஏன்? அடுப்பில் குக்கர் கூவினாலும் ஒரு காது வீதியிலேயே இருப்பது ஏன்? பாட்டு வகுப்புக்குப் போன பெண் இன்னும் வரவில்லை. டியூஷனுக்குப் போன பையன் கைபேசியை எடுக்கவில்லை. ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டேன் என்று சொன்னவர் சொல்லி ஒரு மணி நேரமாகிறது. இவை எல்லா மாதங்களிலும் நடப்பவைதாம். ஆயினும் இந்த மாதங்களில் கவலை கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. அதனை அன்னையரின் மனப்பிராந்தி என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று.

கடிகாரத்தையும் சூரியனையும் ஒப்பிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். செப்டம்பர் 22ஆம் தேதி வாக்கில் டில்லியில் சூரியன் மறைவது மாலை 6.18க்கு. நவம்பர் மத்தியில் அது 5.27க்கு வந்துவிடுகிறது. ஐம்பது நிமிஷம் பகல் நம்மிடமிருந்து கழன்று போய்விடுகிறது. சென்னையில் இதே இடைவெளியில் குறைவது அரை மணி கூட இல்லை. ஆகையால் ஊரில் வளர்ந்த பெரியவர்களுக்கு இந்த மாற்றம் பழக்கமில்லாதது. சூரியன் மாறினாலும் நம் வீட்டு அட்டவணை மாறுவதில்லை. பாட்டு வகுப்பு ஐந்து மணிக்கென்றால் ஐந்துதான்; அது முடிவது ஆறு மணி. செப்டம்பரில் வெளிச்சத்தில் வீடு திரும்பிய அதே பெண் குழந்தை, அதே வழியாக, அதே நேரத்தில், நவம்பரில் நல்ல இருட்டில் திரும்புகிறாள். அந்த வேளையில்தான் காரியாலயங்கள் விடுகின்றன, கடைத்தெரு நிரம்புகிறது, வண்டி ஓட்டுபவன் களைத்திருக்கிறான். பாதி வண்டிகள் விளக்கைப் போட்டும் பாதி வண்டிகள் போடாமலும் ஓடுகிற அந்த அரை மணி நேரம் நள்ளிரவை விடப் பொல்லாதது. பாட்டு ஆசிரியையிடம் சொல்லி, ஐப்பசி முதல் தை வரை வகுப்பை நான்கரைக்கு மாற்றிக் கொள்வதில் சங்கீதத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது. நமக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை இதை ஆண்டுதோறும் செய்து வருகிறார். அவர் வீட்டில் மாணவிகளின் எண்ணிக்கை குறையவில்லை.

இதற்கு மேல், வருஷத்தில் நாம் மிகுதியாக வெளியே நடமாடுவதும் இப்பருவத்திலேயே. நவராத்திரி ஒன்பது நாளும் கரோல் பாக்கிலிருந்து ராமகிருஷ்ணபுரத்துக்கும், மயூர் விஹாரிலிருந்து ஜனக்புரிக்கும் கொலுவுக்குப் போய் வருகிறோம். ராம்லீலா மைதானங்களில் கூட்டம் நெரிகிறது. சித்தரஞ்சன் பார்க்கில் வங்காளத்து அன்பர்கள் துர்க்கையை வழிபடும்போது நம் பிள்ளைகளும் அங்கே போகாமல் இருப்பதில்லை. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் நகரமே கடைத்தெருவுக்கு வந்துவிடுகிறது. பிறகு கந்தசஷ்டி, மலை மந்திரில் ஆறு நாளும் மாலைக் கூட்டம். புண்ணியமும் உறவும் தேடி நாம் சாலையைக் கடக்கும் தடவைகளை எண்ணிப் பார்த்தால், மற்ற எந்த இரண்டு மாதங்களும் இதற்கு ஈடாகா.

பள்ளிக்கூட வண்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். டில்லியில் நெடுநாளாக இருப்பவர்களுக்கு 1997 நவம்பர் 18ஆம் தேதி மறந்திராது. அன்று காலையில், அளவுக்கு மீறிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ஒரு பள்ளிப் பேருந்து, வஜீராபாத் பாலத்தில் தடுப்பை உடைத்துக்கொண்டு யமுனையில் விழுந்தது. 28 குழந்தைகள் மாண்டனர். இரண்டே நாள் கழித்து, நவம்பர் 20ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் அப்போது தன் முன் இருந்த ஒரு பொதுநல வழக்கில் டில்லியின் சாலைப் போக்குவரத்தைப் பற்றி விரிவான ஆணைகளைப் பிறப்பித்தது. டிசம்பரில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனியாக மேலும் ஆணைகள் வந்தன. இன்று நாம் எந்தப் பள்ளி வண்டியிலும் காணும் பல அடையாளங்கள் அந்த நீரில் மூழ்கிய குழந்தைகளின் பெயரால் வந்தவை. முன்னும் பின்னும் 'பள்ளிப் பேருந்து' என்று எழுதியிருக்க வேண்டும். வண்டியின் மேல் பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும். ஜன்னல்களில் குறுக்குக் கம்பிகள், நம்பத் தகுந்த பூட்டுள்ள கதவு, முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, பிள்ளைகளை ஏற்றி இறக்கத் தகுதியுள்ள ஓர் உதவியாளர் ஆகிய எல்லாம் இருக்க வேண்டும்.

அந்த ஆணைகளில் இன்னொன்றும் உண்டு. அதனைப் பலர் கவனிப்பதேயில்லை. பாதுகாப்பு முறையாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பெற்றோரோ ஆசிரியரோ அந்த வண்டியில் பிரயாணம் செய்யலாம் என்பதே அது. மாதத்தில் ஒரு நாள், அந்தத் தடத்தில் ஏறும் குழந்தைகளின் பெற்றோருள் ஒருவர் அவ்வண்டியில் போய் வந்தால் போதும். டிரைவர் எத்தகையவர், சிவப்பு விளக்கில் நிற்கிறாரா, குழந்தை இறங்கி நடைபாதையை அடையுமுன் வண்டியை நகர்த்துகிறாரா என்பதெல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற தாத்தாக்கள் இதற்கு மிகவும் ஏற்றவர்கள். பூங்கா பெஞ்சியில் அமர்ந்து அரசாங்கத்தைத் திருத்தும் நேரத்தில் ஒரு மணியை இதற்குத் தரலாம்.

ஆனால் நம் குழந்தைகளுள் எத்தனை பேர் அத்தகைய மஞ்சள் பேருந்தில் போகிறார்கள்? சந்துகளுக்குள் பேருந்து நுழையாது, கட்டணமும் கூடுதல். ஆகவே சிறிய வேன்களே கதி. ஏழெட்டுப் பேர் இருக்க வேண்டிய வேனில் பதினைந்து பேரை அடைத்து, பின்பக்கத்தில் எரிவாயு உருளையின் மேல் ஒரு பலகையைப் போட்டு அதன் மீதும் நாலு பேரை உட்கார வைத்து ஓட்டும் காட்சியைக் காலை ஏழு மணிக்கு எந்தக் காலனியிலும் பார்க்கலாம். இதைப் பற்றி வேன்காரரிடம் பேசினால், 'வேறு வேன் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பார். தனியே ஒரு தாய் பேசினால் அவருக்கு அந்தப் பதில்தான் கிடைக்கும். அந்த வேனில் போகும் பதினைந்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து, ஆளுக்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பதாகச் சொல்லி, எட்டுப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாது, இரண்டு தடவை ஓட்டுங்கள் என்று கேட்டால் பதில் மாறும். அவருக்கும் குடும்பம் உண்டு. வருமானம் குறையாதென்று தெரிந்தால் அவர் ஏன் பதினைந்து பேரை அடைக்கப் போகிறார்? இதில் ஹிந்தி பேசத் தயங்கி நம்மவர்கள் பின்வாங்குவது வழக்கம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளை அழைத்துக்கொண்டு போங்கள். அவர் பேச ஆரம்பித்தால் நாம் வாய் திறக்க வேண்டிய அவசியமே இராது.

இனிப் பெரியவர்கள். நவராத்திரிக்கு ஊரிலிருந்து வந்து, மார்கழிக் குளிருக்கு முன் திரும்பிப் போகும் தாத்தா பாட்டிகள் இப்போது பல வீடுகளில் இருக்கிறார்கள். மாலையில் கோயிலுக்கோ பூங்காவுக்கோ நடந்து போய் வருவது அவர்களுடைய ஒரே பொழுதுபோக்கு. அவர்களைப் பற்றிய கவலையை ஒரு கணக்கின் மூலம் சொல்லலாம். சாலையைக் கடக்க எத்தனை நேரம் விளக்கு எரிய வேண்டும் என்று திட்டமிடுகிறவர்கள், மனிதன் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். எழுபத்தைந்து வயதில், முழங்கால் வலியுடன், நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே அதிகம். 21 மீட்டர் அகலமுள்ள ஒரு சாலையைக் கடக்க இளைஞனுக்குப் பதினெட்டு நொடிகள். நம் பாட்டிக்கு இருபத்தாறு. மீதி எட்டு நொடிகள் அவர் வண்டிகளின் நடுவே நிற்கிறார். 'பாட்டி பார்த்துப் போகக் கூடாதா?' என்று கேட்பதில் பயனில்லை. பாட்டி பார்த்துத்தான் போனார். விளக்குதான் அவரைப் பார்க்கவில்லை. டில்லி ஐ.ஐ.டி.யில் பல்லாண்டுகள் சாலைப் பாதுகாப்பை ஆராய்ந்து 2021இல் காலமான பேராசிரியர் தினேஷ் மோகன் வாழ்நாளெல்லாம் வற்புறுத்தி வந்ததும் இதையே. மனிதன் தவறு செய்வான், தள்ளாடுவான், அவசரப்படுவான் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்காக அவன் உயிர் போகாதபடி சாலையை அமைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

சாலையை அமைப்பது நம் கையில் இல்லை. உடையும் வழியும் நம் கையில் இருக்கின்றன. குளிர் தொடங்கியதும் பெரியவர்கள் காப்பிக்கொட்டை நிறச் சால்வையையும், கறுப்பு ஸ்வெட்டரையும், காதுவரை மூடும் மங்கிக் குல்லாயையும் தரித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். இந்தக் குல்லாயைப் பற்றி நமக்கு நெடுநாளாகவே ஒரு மனத்தாங்கல் உண்டு. அது காதை அடைக்கிறது. பக்கவாட்டுப் பார்வையை மறைக்கிறது. வண்டி வரும் ஒலியும் கேளாமல், வருவதும் தெரியாமல் சாலையைக் கடப்பதற்கென்றே ஒருவர் யோசித்துத் தைத்தாற்போல் இருக்கிறது. கழுத்தில் ஒரு மஃப்ளர் போதும். சாலையருகில் காதைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஊரில் கட்டிய வெள்ளை வேஷ்டி இருட்டில் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது டில்லி வந்த பிறகே தெரிகிறது.

நிறத்தின் மகிமையை இன்னொரு கணக்காலும் அறியலாம். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. ஓட்டுகிறவன் ஆளைக் கண்டு, பிரேக்கை மிதிக்க நினைத்து, மிதிப்பதற்கு அந்த ஒரு நொடி ஆகிவிடும். மிதித்த பிறகும் நல்ல சாலையில் இன்னும் 20 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆக 37 மீட்டர். தாழ்ந்த விளக்கொளியில் கறுப்பு உடையணிந்தவர் கண்ணில் படுவதோ சுமார் 30 மீட்டர் தொலைவில். கண்டும் பயனில்லை. அதே வண்டி 40 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால் 20 மீட்டரில் நின்றுவிடும். பாட்டி வீடு வந்து சேர்வார். வேகத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கே. நிற்கும் தூரத்தில் குறைந்தது ஏறத்தாழப் பாதி. ஸ்கூட்டர் வைத்திருக்கும் நம் வீட்டு இளைஞர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இரு சக்கர வண்டி விஷயத்துக்கு வருவோம். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள்; ஏறக்குறைய 20 பேர் நடந்து சென்றவர்கள். டில்லியில் மாண்டவர்களுள் நடந்து செல்பவர்களின் பங்கு இதனினும் மிக அதிகம். தலைக்கவசம் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் அவ்வாண்டில் 50,029 பேர். இந்த எண்ணிக்கையில் பின்னால் அமர்ந்து சென்றவர்களும் அடங்குவர். பின்னால் அமர்பவர்கள் யார்? பெரும்பாலும் நம் சகோதரிகளே.

டில்லியில் பெண்களுக்குத் தலைக்கவசம் விருப்பம் போல என்றிருந்த விதி 2014இல் மாற்றப்பட்டது. சீக்கியப் பெண்களைத் தவிர மற்ற அனைவருக்கும் அது கட்டாயமாயிற்று. சட்டம் வந்தும் கொண்டையும் பூவும் நசுங்குமே என்ற தயக்கம் நம் வீடுகளில் தீரவில்லை. கொலுவுக்குப் போகும்போது மல்லிகைச் சரத்தைக் கைப்பையில் ஓர் இலையில் சுற்றி எடுத்துப்போய், போன வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டு மாமி தவறாக நினைக்க மாட்டார். அவரும் அப்படித்தான் வந்திருப்பார். புடவைத் தலைப்பும் பிள்ளைகளின் துப்பட்டாவும் பின் சக்கரத்தில் சிக்கி இழுப்பது இன்னொரு பயங்கரம். பின் சக்கரத்தின் பாதியளவுக்காவது மறைக்கும் ஒரு காப்பு இருக்க வேண்டுமென்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. அழகைக் கெடுக்கிறதென்று இளைஞர்கள் வண்டியை வாங்கிய மறுநாளே அதைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றியது பரணில்தான் கிடக்கும். தேடி எடுத்து மாட்டச் சொல்லுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்வதற்கும் 2023 பிப்ரவரி முதல் விதி வந்திருக்கிறது. குழந்தையை ஓட்டுபவருடன் பிணைக்கும் பட்டை வேண்டும். குழந்தைக்கேற்ற தலைக்கவசம் வேண்டும். வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது. அப்பா, அம்மா, நடுவில் ஒன்று, முன்னால் நிற்க வைத்து ஒன்று என்று குடும்பமே ஒரு ஸ்கூட்டரில் போவதை நாம் சிக்கனம் என்று நினைத்துவிட்டோம். அது சிக்கனமே அன்று.

துவாரகாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்குப் பதினாறு வயது. பதினோராம் வகுப்பு. டியூஷன் முடிந்து இரவு எட்டரை மணிக்கு வருகிறான். மெட்ரோவில் இறங்கி வீடு வர மின்சார ரிக்‌ஷாவுக்குக் காத்து நிற்பதைவிட, அப்பாவின் ஸ்கூட்டரில் போய் வருகிறேன் என்கிறான். 'இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் ஓட்டுகிறார்கள், ஊரோடு ஒத்துத்தான் வாழ வேண்டும்' என்று கணவர் அனுமதித்துவிட்டார். மகன் வரும்வரை அந்த அம்மையாருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. 'நான் பழைய காலத்து மனுஷியாகவே இருக்கலாம்; சரி எது என்று எழுதுங்கள்' என்று கேட்கிறார்.

சகோதரி, சரி உங்கள் பக்கத்தில் இருக்கிறது. இதை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். பதினெட்டு நிரம்பாதவர் ஓட்டக் கூடாது; பதினாறு வயதில் அனுமதிக்கப்படுவது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டி மட்டுமே, அதற்கும் உரிமம் வேண்டும். இப்போது வீடுகளில் இருக்கும் ஸ்கூட்டர்கள் 110, 125 சி.சி. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி ஆவார். மூன்று வருஷம் வரை சிறை. 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. உரிமம் இல்லாதவன் ஓட்டிப் பிறர் மேல் மோதினால், இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அத்தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் தீர்ப்பளிப்பது வழக்கம். அத்தொகை பல இலட்சங்களாக இருக்கலாம். ஊரில் வாங்க நினைத்திருக்கும் வீட்டுமனையும் பெண்ணின் கல்யாணச் சேமிப்பும் ஒரே மாலையில் கரைந்துபோகும்.

இன்னும் ஒன்று. நம் குடும்பங்களில் பலவற்றுக்கு மத்திய சர்க்கார் உத்தியோகமே ஆதாரம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்கப்படும் சர்க்கார் ஊழியர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவார் என்று 1965ஆம் ஆண்டு நடத்தை விசாரணை விதிகள் கூறுகின்றன. ஆணைக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. கணவர் சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. பையனின் கஷ்டமும் மெய்யானதே. இரவு எட்டரை மணிக்கு மெட்ரோ வாசலில் இருபது நிமிஷம் நிற்பது, பசியோடிருக்கும் பிள்ளைக்குச் சோதனைதான். விளக்கில்லாமல் எதிர்த்திசையில் வரும் மின்சார ரிக்‌ஷாவும் பாதுகாப்பானது என்று நாம் சொல்லமாட்டோம். அதே டியூஷனுக்குப் போகும் இன்னும் இரண்டு பிள்ளைகள் அப்பகுதியிலேயே இருப்பார்கள். மூன்று தகப்பனார்கள் முறை வைத்துக்கொண்டு அழைத்து வரலாம். வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம். அல்லது ஞாயிறு பகலில் நடக்கும் வகுப்புக்கு மாற்றலாம். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். இரண்டு வருஷம் தூக்கி வைத்துக்கொள்ளட்டும். அவனிடம் பேசும்போது 'நீ விழுந்துவிடுவாய்' என்று சொல்லாதீர்கள், அவன் நம்ப மாட்டான். இருட்டில் ஒரு பாட்டி குறுக்கே வந்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். மேலே சொன்ன 37 மீட்டர் கணக்கை அவனே போடட்டும். பதினோராம் வகுப்பு பௌதிகப் பாடத்தில் அது இருக்கிறது.

தீபாவளி விடுமுறையில் ஊர் உறவினர்களை ஆக்ராவுக்கு அழைத்துப்போகும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012இல் திறக்கப்பட்ட 165 கிலோ மீட்டர் யமுனை விரைவுச் சாலையில் போனால் மதியத்துக்குள் தாஜ்மஹாலைப் பார்த்துவிடலாம் என்று அதிகாலை நாலு மணிக்கே டாக்ஸியைக் கிளப்புகிறார்கள். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெற்கதிர் அறுத்தபின் தாளை எரிக்கும் புகை, தீபாவளி வெடிப்புகை, வண்டிப்புகை எல்லாம் காற்றசையாத குளிர்ந்த விடியலில் தரையோடு தங்கிவிடும் காலம் இது. 2017 நவம்பர் 8ஆம் தேதி காலையில் அச்சாலையில் புகைமூட்டத்தினுள் ஒன்றன் பின் ஒன்றாகப் பல வண்டிகள் மோதிக்கொண்டதைப் படமாகவே நாடு பார்த்தது. முன்னால் மோதி நின்ற வண்டியிலிருந்து இறங்கியவர்கள், பின்னால் வருபவர்களை நோக்கிக் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஆகையால் ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள். வெயில் ஏறிய பிறகு தாஜ்மஹால் ஓடிப்போய்விடாது; வெள்ளிக்கிழமை மட்டும் மூடியிருக்கும். நம் வழக்கப்படி விடியற்காலை எண்ணெய் ஸ்நானம் முடித்து, நரக சதுர்த்தசியன்று இருட்டிலேயே உறவினர் வீடுகளுக்குக் கிளம்புபவர்களும் சூரியன் வரும்வரை லேகியத்தைச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருக்கலாம்.

கடைசியாக, நேரக் கூடாதது நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியது. நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாலையில் யாரோ விழுந்து கிடந்தால், 'பாஷை தெரியாத ஊர், போலீஸ் கேட்டால் என்ன சொல்வது, கோர்ட்டுக்கு யார் அலைவது' என்று விலகிப் போய்விடுகிறோம். வெளியூரில் பிழைக்க வந்தவனின் பயம் அது, புரியாததன்று. ஆனால் அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. அடிபட்டவருக்கு உதவுகிறவரைப் பெயரும் விலாசமும் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, ஆஸ்பத்திரியில் தடுத்து நிறுத்தக் கூடாது, பணம் கேட்கக் கூடாது என்ற நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதி செய்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பாதுகாப்பு சட்டத்திலேயே சேர்ந்துவிட்டது. நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது வழக்கும் வராது. 112 என்ற எண்ணைச் சுழற்றி, இடத்தைச் சொன்னால் போதும். விழுந்தவருக்குச் சிகிச்சைக்குப் பணமில்லையே என்ற கவலைக்கும் 2025 மே மாதத்தில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. விபத்துக்குள்ளானவருக்கு ஏழு நாள் வரை ஒன்றரை இலட்சம் ரூபாய்க்குள் ரொக்கம் கட்டாமலே சிகிச்சை அளிக்க அது வகை செய்கிறது. நாம் விலகிப்போன சாலையில் இன்னொரு நாள் நம் வீட்டுப் பிள்ளை விழுந்து கிடக்கலாம். அவனருகில் நிற்பவர் தமிழராக இருக்கப் போவதில்லை.

அந்த மனிதருக்கு உதவியாக ஒரு சிறு அட்டை எழுதி ஒவ்வொருவரிடமும் கொடுத்து வையுங்கள். பெயர், இரத்தப் பிரிவு, சர்க்கரை நோய் முதலியவை இருந்தால் அவை, வீட்டார் இருவருடைய தொலைபேசி எண்கள். கைபேசியில் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். அது பூட்டிக் கிடக்கும், அல்லது உடைந்திருக்கும். ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் நம் மொழிப்பற்று திருப்தியடையும். படிக்க வேண்டியவர் திகைத்து நிற்பார். பையனின் சட்டைப்பையில் ஒன்று, பெண்ணின் புத்தகப்பையில் ஒன்று. பாட்டி தம் சுருக்குப்பையில் வெற்றிலைக்கு நடுவே வைத்துக்கொள்ளச் சம்மதித்தால் அவருக்கும் ஒன்று. சுண்ணாம்பு படாதபடி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தால் குளிர்காலம் முழுவதும் தாங்கும்.